பதினோராவது சுற்று

கலிஸ்டோவின் வானத்தில் வியாழன் நகர்வதில்லை.
தேயும், வளரும், இடம் மட்டும் மாறாது.
ஆணியில் மாட்டிய தட்டுபோல்
எல்லாவற்றையும் பார்த்தபடி அங்கேயே நிற்கும்.
சாட்சிக்கு அழைத்தால் வராது.

பனிக்கு அடியில் இரண்டாய்ப் பிரிந்தோம்:
பனியை வெட்டித் தண்ணீராக்குபவர் கிணற்றார்,
தண்ணீரைப் பிளந்து மூச்சாக்குபவர் காற்றார்.
முதல் அடி யாருடையது என்பதற்கு
இரு தரப்பிலும் ஆவணம் உண்டு.
தேதி ஒன்றே. மற்றதெல்லாம் வேறு.

நடுச்சுவரில் நான் வால்வுக்காரி.
அங்கே ரொட்டி, இங்கே உப்பு.
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
ஆறே இல்லாத இடத்தில்
அளப்பது ஒன்றுதான் என் பிழைப்பு.

அன்றிரவு காற்றாரின் சாக்கென் வந்தான்,
தாடியில் பனி உருகிச் சொட்ட.
ஏழாம் கூடத்தை மூடு என்றான்.
உள்ளே நாற்பது கிணற்றார் உறங்குகிறார்கள்,
விடிந்தால் பாசித் தொட்டிகளைத் தகர்ப்பார்கள்,
தொட்டி போனால் மூவாயிரம் பேர்.
அவன் விரல்விட்டு எண்ணவில்லை.
எண்ணி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

அவன் போன கால்மணி நேரத்தில் இட்சியார்,
கிணற்றாரின் மருத்துவச்சி, கையுறை கழற்றாமல்.
அந்தக் கூடத்தில் ஒன்பது பிள்ளைகளும் இருக்கிறார்கள்,
காற்றாரின் பிள்ளைகள், பிணை, என்றாள்.
அவர்களை ஏன் அங்கே படுக்க வைத்தீர்கள்?
"நீ மூடமாட்டாய் என்பதற்காக."
சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.
ஆனாலும் சொன்னாள்.

முழுதாய் மூடப் பதினான்கு சுற்று.
நான் பதினொன்றில் நிறுத்தினேன்.

இரக்கம் என்று பின்னால் ஒருவர் எழுதினார்.
கோழைத்தனம் என்றார் இன்னொருவர்.
துருப்பிடித்த சக்கரம், கை வலித்தது,
இதை யாரும் எழுதவில்லை.

மீந்த மூன்று சுற்றுக் காற்றைக்
கூடமே பங்கிட்டுக்கொண்டது.
குழாயருகே படுத்திருந்தவர் விழித்தார்கள்:
பதினேழு வீரர்கள், ஆறு பிள்ளைகள்.
தொட்டிகள் தகரவில்லை.

சண்டை ஓய்ந்த பின் சாக்கெனிடம் கேட்டேன்,
வெடி உண்மையிலேயே அவர்களிடம் இருந்ததா?
கிடங்குக் கணக்கில் குறைந்தது என்றான்.
பிறகு வேறோர் அலமாரியில் கிடைத்தது.
எப்போது?
அன்றைக்கே.
மூடுவதற்கு முன்பா, பின்பா?
கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.
எங்களிடம் வேறு வெடி இருந்தது என்கிறாள் இட்சியார்,
வேறு நாளுக்கென்று.
நான் கேட்காமலே சொன்னாள்.
எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்திருப்பாள்.
சற்று இருந்தது. அதுதான் அச்சம்.

இப்போது இரு தரப்புக்கும் சுவர் உண்டு,
பெயர்கள் செதுக்கிய சுவர்.
விளக்கு எடுத்துப் போய்த் தேடினேன்.
கொன்றவர் வரிசையிலும் இல்லை நான்,
காத்தவர் வரிசையிலும் இல்லை.
"வால்வு இயங்கியது" என்று மட்டும் இருக்கிறது,
இரண்டு சுவரிலும், ஒரே எழுத்தில்.

பங்கீட்டு நாட்களில் நெமேசியோ வருவான்.
அந்த ஆறு பேரில் ஒருவன்; வயது பன்னிரண்டு.
தன் பெயர் தெரியாது, தாய் முகம் தெரியாது,
எண்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.
பாசி ஊறுகாய்ப் புட்டியை நீட்டுவான்.
நான் திருகுவேன், அவன் உரக்க எண்ணுவான்.
மூடி நான்கு சுற்றில் கழன்றுவிடும்.
அவன் நிறுத்துவதில்லை.
எட்டு, ஒன்பது, பத்து

அடுத்தது வருவதற்குள்
அவன் வாயில் ஒரு துண்டை வைத்துவிடுவேன்.