ஒப்படைப்பு நாள்

கேள்வி கேட்க மாட்டோம் என்று
பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.
படிவத்தில் பதினான்கு கேள்விகள்.

தீவனக் கடையின் வாகன நிறுத்தம்.
ஃப்ளோரிடா வெயில் எட்டு மணிக்கே
தாருக்குள் இறங்கிவிட்டது.
மேசை, குடை, தராசு,
தோலுக்கடியில் சில்லைத் தேடும் கருவி, நான்.

முதலில் பல்லிகள் வந்தன.
ஒரு பெண் பிஸ்கட் டப்பாவில் தேள் கொண்டுவந்து
டப்பாவைத் திருப்பிக் கேட்டாள்.
பத்தேகாலுக்கு வெண்டல் க்ரவுச்.
லாரி பிரேக் பழுதுபார்ப்பவர், நகக்கண்ணில் கிரீஸ்.
பாய்மரப் படகுகள் அச்சிட்ட நீல மெத்தை உறையின்
ஒரு முனை அவர் தோளில்,
மறுமுனையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.
படகுகள் மெல்ல அசைந்தன.

பெயர்?
கிளைட்.
உங்கள் பெயர், ஐயா.

வாங்கியபோது ஷூ கயிறு அளவு, என்றார்.
பாம்பு நாற்பது டாலர், கண்ணாடிப் பெட்டி அறுபது.
எவ்வளவு வளரும் என்று விற்றவன் சொல்லவில்லையா?
'பெட்டி எவ்வளவோ அவ்வளவுதான் என்றான்.'
காலையிலிருந்து இதே வாக்கியத்தை
மூன்றாம் முறை கேட்கிறேன்.

பதினைந்து அடி எட்டு அங்குலம்.
ஐம்பத்திரண்டு கிலோ.
காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.
வீட்டுச் சுவர் மெல்லியது.
அந்தப் பக்கம் மாரிசெல், புதிதாய் இரட்டைக் குழந்தைகள்.
அவள் புகார் கொடுக்கவில்லை.
ஓர் இரவு தொட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டாள்.
தரையில் அது இழுபடும் சத்தத்தை
இவர் இந்தப் பக்கம் படுத்தபடி கேட்டிருக்கிறார்.

போன மாதக் கூட்டத்தில் இவரைப் பார்த்த நினைவு.
பாம்பும் சாகாமல் கோலும் முறியாமல்
ஒரு சட்டம் எழுத
ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
இவர் நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தார்:
இரை போட்ட தேதிகள், மூன்று பூட்டுகள்,
புயலுக்கென்று தனியே இரும்புக் கூண்டு.
'எவனோ ராத்திரியில் கால்வாய்க் கரையில்
டிக்கியைத் திறந்துவிட்டுப் போனதற்கு
நான் ஏன்?'
நல்ல கேள்வி. யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

நான் சதுப்புநிலச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவள்.
முன்பு விளக்கொளியில் முயல்களின் கண்கள் மின்னும்.
இப்போது வெளிச்சம் எதிலும் படாமல்
போய்க்கொண்டே இருக்கிறது.
கோரைக்குள் பிடித்த ஒன்றின் தோலுக்கடியில்
சில்லு இருந்தது. எண்ணைத் தட்டினேன்.
டாஃபடில் என்று வந்தது.
யாரோ பிரியமாய் வைத்த பெயர்.
வயிற்றில் மான்குட்டியின் குளம்பு.

என்னைக் கேட்டால் சொல்வேன்: தடை வேண்டும்.
வெண்டலின் முகத்தைப் பார்க்காமல் சொல்வேன்.

பாலினம்: ஆண் என்று எழுதச் சொன்னார்.
மருத்துவர் உறையை விலக்கி,
அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து
மெதுவாய் நகர்த்தினார், நின்றார்,
மறுபடி நகர்த்தினார்.
பெண், என்றார். முட்டை இருக்கிறது.

இன்னொரு பாம்பு இருந்ததா?
பதினோரு வருடமாய் இது ஒன்றுதான்.
அப்படியும் சில சமயம் நடக்கும்,
துணையே இல்லாமல், என்றார் மருத்துவர்,
மழை வரலாம் என்பதுபோல.

வெண்டல் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்.
முதலில் சிரித்தார்.
'பையா, பையா என்றுதான் கூப்பிட்டேன்.
ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை.'
அப்புறம் சிரிக்கவில்லை.

எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஒன்று என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
அடிக்கவா, விடவா என்று தெரியவில்லை.
பேனாவைப் பிடித்திருந்த இடத்தில்
மை ஊறிப் பெரிதாகியது.

கையெழுத்துப் போட்டார்.
வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முயல், என்றார்,
நாங்கள் கேட்காத பதினைந்தாவது கேள்விக்கு.
உறையை மடித்து வாங்கிக்கொண்டார்,
படகுகள் உட்பக்கமாய்.

மாரிசெலிடம் சொல்வாரா தெரியாது.
சொல்கிறவரைக்கும்
தொட்டில் அறையின் நடுவிலேதான் கிடக்கும்,
வெறும் சுவரிலிருந்து நான்கடி தள்ளி.