ஈயம் இளிக்கிற இடம்

டிக்பியில் கடல் ஒரு நாளைக்கு இருமுறை
துறையைக் காலி செய்துவிட்டுப் போகிறது.
நாலாள் உயரத்து ஏணியில் இறங்கினால்
சேறு, பாசி, யாரோ தவறவிட்ட மூக்குக்கண்ணாடி,
பிறகு எங்கள் படகு.
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் போலச்
சுவரில் சாய்ந்து நிற்கிறது.

பின்தளத்து மழைநீர் வடியும் குழாய்
நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வாய் திறக்கும்.
அந்த வாயிலிருந்த பித்தளை வளையத்தில்
ஸ்பானரைப் போட்டுத் திருப்பினேன்.
திரும்பவில்லை.
பிஸ்கெட் போல உடைந்து கையோடு வந்தது.

வெளியே மஞ்சள்.
உடைந்த இடத்தில் கொய்யாப்பழச் சிவப்பு.
உப்பு, துத்தநாகத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச்
செம்பை எலும்புக்கூடாக விட்டுவைத்திருந்தது.
இதை நம்பித்தான் மூன்று கோடை
நானும் நிமலனும் நடுக்கடலில் தேநீர் குடித்தோம்.

தண்ணீர் திரும்ப நாலரை மணி நேரம்.

மேலிருந்து நிமலன் கத்தினான்:
"எவர்சில்வர் போடலாமே, பளபளன்னு இருக்கும்!"
எவர்சில்வருக்கு மூச்சுக்காற்று வேண்டும், நிமலா.
மரைக்குள்ளே, ரப்பருக்குப் பின்னாலே,
நீர் அசையாத இடுக்கிலே
சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டையாகிவிடும்.
தட்டுக்கும் டம்ளருக்கும் சரி.

வெள்ளைப் பிளாஸ்டிக் கையிலேயே இருந்தது, எட்டு டாலர்.
துரு இல்லை. ஆனால் வெயிலில் வறளும்.
மார்கழியில் உள்ளே நின்ற நீர் உறைந்தால்
ஒரு கீறல்.
வெளியே போகச் செய்த வழி
உள்ளே வரவும் வழிதான்.

கண்ணாடியிழை கலந்த கறுப்பு நைலான் வேறு ரகம்.
பக்கத்துப் படகில் அதுதான்; அது அலுமினியப் படகு.
அங்கே வெண்கலத்தைப் பூட்டினால்
உப்புநீர் நடுவில் மின்கம்பியாகும்.
வெண்கலம் பிழைத்துக்கொள்ளும், படகு கரையும்.
"என் முதல் கல்யாணம் மாதிரி" என்றாள் அதன் சொந்தக்காரி ஒடெட்.
நான் சிரிக்கவில்லை.
இரவல் வாங்கிய ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தேன்.

எங்களுடையது நாரிழை உடம்பு.
எந்த உலோகத்தோடும் பகையில்லை. ஆகவே வெண்கலம்.
செம்போடு துத்தநாகம் என்றால் பித்தளை,
வெள்ளீயம் என்றால் வெண்கலம்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இளிக்கட்டும், அடுப்படியில்.
இங்கே, ஒரு சாண் கீழே,
இளிப்பது ஈயம்.

கடையில் வெர்னன் இரண்டு வளையங்களை வைத்தான்.
இரண்டும் மஞ்சள். இரண்டிலும் எழுத்தில்லை.
எது வெண்கலம் என்றால் தோளைக் குலுக்கினான்.
நூலில் தொங்கவிட்டுத் தட்டினேன்.
ஒன்று கொஞ்சம் நீளமாக ஒலித்தது போலிருந்தது.
போலிருந்தது!
நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவள்,
பெயரொட்டாத குப்பியை எவருக்கும் ஏற்றியதில்லை.
வைத்துவிட்டு வந்தேன்.
முத்திரை பதித்தது யார்மத்திலிருந்து வியாழக்கிழமை வரும்.
விலை, என் ஒரு இரவு ஷிப்ட்.

அதுவரை?

சேற்றில் கோடு கோடாக ஈரம் ஊர்ந்தது.
இருக்கைக்கு அடியில் துழாவியபோது
கயிற்றில் கட்டிய மர ஆப்பு ஒன்று. பைன்.
முன்னால் வைத்திருந்தவர் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
படகுக்குள் போய், துளையில் பொருத்தி, நாலு அடி.
பைன் நீரைக் குடிக்கும்,
குடித்து உப்பும்,
உப்பி இறுகும்.

எட்டே முக்காலுக்கு
ஒரு சின்ன ஏப்பத்தோடு படகு சேற்றை விட்டது.
நான் டார்ச்சோடு குப்புறப் படுத்திருந்தேன்.
ஆப்பின் ஓரம் ஒரு துளி. துடைத்தேன்.
இன்னொன்று. துடைத்தேன்.
நூறு எண்ணினேன்.
இருநூறு.

"எப்படி?" என்றான் நிமலன்.
"இன்னும் எண்ணுகிறேன்."

அப்போதுதான் மழை பிடித்தது.
வழி அடைபட்ட பின்தளத்தில்
முதலில் கணுக்கால் அளவு சத்தம்,
பிறகு தண்ணீர்.
நிமலன் வாளியைத் தேடப் போனான்.