தொண்ணூற்று நான்கு பையன்கள்

முதல் பள்ளியில் கட்டண விவரம் கேட்டதற்கு
வழவழப்பான புத்தகம் ஒன்று தந்தார்கள்.
பதினோராம் பக்கத்தில் குதிரையேற்றம் இருந்தது.
இரண்டாவதில் வகுப்புக்கு நாற்பத்திரண்டு பேர்;
நித்திலன் என் துப்பட்டாவுக்குள் போனவன்
வெளியே வரவே இல்லை.

மூன்றாவது,
தாணா தெருவிலிருந்து இரண்டு திருப்பம்.
பாத்திரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
யாரோ குடியிருந்துவிட்டுப் போன வீடு மாதிரி.
ஐந்து அறை. ஒரு பாதாம் மரம்.
முழங்கால் உயரத்தில் கைகழுவும் குழாய்கள்,
ஆறில் நான்கு ஒழுகின.
தொண்ணூற்று நான்கு பையன்கள்.
பையன்கள் மட்டும்.

"இருபதே பேர்தான் ஒரு கிளாசுக்கு" என்றார் புகழேந்தி,
வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே முடிவெடுத்த குரலில்.
அவர் படித்ததும் ஆண்கள் பள்ளி.
அங்கே கற்றதில் இன்னும் மறக்காதது
அடி வாங்கும்போது சிரிப்பது எப்படி என்பது.
கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொன்னார்.
அவருடைய அப்பா இறந்த அன்று
பந்தல்காரரிடம் நாற்காலிக் கணக்கு பார்த்துக்கொண்டு
அவர் நின்ற நிலையில்
எனக்கு அது மறுபடி நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியை எஸ்தர் மனோரஞ்சிதம்
ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.
சட்டையைக் கழற்றாமலே நின்றான் அவன், வயிற்றை எக்கி.
"உனக்கு என்னப்பா பிடிக்கும்?"
டைனோசர், ரயில், மசால் தோசை என்று
வழியெல்லாம் பழக்கியிருந்தோம்.
"ஜவேரியா" என்றான் என் மகன்.
"அது என்னது?"
"மாடி வீட்டுல இருக்கா."
நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.
எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று.
பாதி உலகத்தை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு
மீதிப் பாதிக்கு ஐந்து வருஷம்
என்ன சொல்லித் தருவீர்கள்?
கேட்டது: "வேன் வசதி உண்டா?"

உண்டாம். அயனாவரம் வரை.

மணி அடித்ததும் பாதாம் மரத்தடியில் சண்டை.
விலக்கிவிடப் போன ஆயா
சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்:
"யாரு அம்மாவா இருக்கறதுன்னு அடிச்சிக்கிறானுங்க."
வீட்டு விளையாட்டு.
அப்பாவாக இருக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.
அப்பா சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.
கடைசியில் ஜெயித்தவன், முன்பல் இல்லாத ஒரு குண்டுப் பையன்,
அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேராக இழுத்துவிட்டுக்கொண்டு
பாதாம் இலையில் மண்சோறு பரிமாறினான்.
"சீக்கிரம் சீக்கிரம். எனக்கு நேரமாச்சு.
மீதி வெச்சீங்க, அவ்ளோதான்."
பிறகு, யாரும் சொல்லாமலே,
ஒருவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.
காய்ச்சல் இருந்ததாம்.
மடியில் படுக்க வைத்துக்கொண்டான்.

என் கழுத்திலும் அட்டை தொங்கியது.
அரைநாள் விடுப்பு முடிய நாற்பது நிமிடம்.
புகழேந்தி ஒரு தரம் தொண்டையைச் செருமினார்.
அவ்வளவுதான்.

இதை வைத்து ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியுமா?
முடியாது.
ஐந்தாம் வகுப்பில் இதே பையன் இன்னொருவனைப் பார்த்து
பொம்பள மாதிரி அழாதடா என்று சொல்லக்கூடும்.
அதற்குள் யார் யார் இவனிடம் என்னென்ன சொல்லியிருப்பார்கள்,
அது ரசீதில் வராது.
விண்ணப்பத்தை வாங்கினேன்.
பெயரை மட்டும் எழுதினேன், பென்சிலால்.

சாயங்காலம் படிக்கட்டில் ஜவேரியா,
ஒற்றைக் காலில் செருப்போடு.
"அங்க என்னடா இருக்கு?"
"மணி. கயிறு கட்டின நிஜ மணி."
"நான் வந்து அடிக்கட்டா?"
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பைக்குள் சாவியைத் தேடினேன்,
கையில் வைத்துக்கொண்டே.