வதிவிடம்

எல்லைக்கல் என் வேலிக்கு
எழுபது முழம் முன்னால் நின்றது.
விடியப்புறம் நாலு மணிக்கு அதில் சைக்கிளைச் சாய்த்துத்தான்
கழன்ற செயினை மாட்டுவேன்.
கல்லுக்கு அந்தப்பக்கம் நகரசபை.
இந்தப்பக்கம் வீரைமோட்டை,
குளம், குளத்துக்குள் எருமை,
பிரதேச சபையின் எரியாத லைற் ஒன்று.

குப்பை மிசினில் ஏறுகிறவள்
எல்லைக்குள் குடியிருக்க வேணுமாம்.
பதினொரு வருசமாய் நான் குடியிருந்தேன்,
குட்செட் வீதி, 41/6,
கடுதாசியில்.
மதினியின் தமக்கை வீட்டுப் பின்னறை அது.
ஒரு பாய். பார்க்க வந்தால் காட்டவென்று
கொடியில் என் பழைய சீலை.
அந்தச் சீலைக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகை.

இதைவிடக் கெட்டித்தனமெல்லாம் செய்த ஆக்கள் நாங்கள்.
இதே ரவுணுக்குள் வர பாஸ் எடுத்த காலம்
ஓமந்தையில் வெயிலுக்குள் நின்று
ஆஸ்பத்திரி என்று எழுதுவித்து வந்த அம்மா
சீலைக் கரைக்குள் ரோச் பற்றரி இரண்டோடு திரும்பிப் போனாள்.

போன மாசியில் சபை பெருத்தது.
நில அளவைக்காரர் மூன்று பேர்,
சங்கிலி, சிவப்புப் பெயின்ற் பேணி.
வரம்பால் வாங்கோ, சேறு, என்றேன்.
கேட்கவில்லை, ஒருவரின் சப்பாத்து இன்னும் வயலுக்குள்.
பழைய கல்லைப் பிடுங்கவில்லை.
புதுக்கல்லைக் குளக்கட்டுக்கு அங்கால் நட்டார்கள்.
எருமையும் நானும்
ஒரே பகலில் பட்டணத்தார்.

சந்தோசத்தில் விலாசம் மாற்றப் போனேன்.
கிளாக்கர் தவயோகன் படிவம் நீட்டினார்.
எங்கிருந்து? எங்கே? எத்தனையாம் திகதி நகர்ந்தீர்?
“நான் நகரேல்லை ஐயா, நகரம்தான்.”
அவர் சிரிக்கவில்லை.
“அப்ப பதினொரு வருசமும்?”

வெளியே இருந்தமட்டும் ஒருவரும் கேளாத கேள்வி.
பேனை வேலைசெய்யவில்லை என்றேன்,
படிவத்தை மடித்து ஜம்பருக்குள் வைத்தேன்.

பங்குனியில் சோலைவரித் துண்டு வந்தது.
சோலை எதுவென்று சுற்றிப் பார்த்தேன்.
முருங்கை இரண்டு, வேம்பு ஒன்று,
அதுவும் பாதி அடுத்த வளவுக்குள்.
கட்டினேன்.
குட்செட் வீதிச் சீலைக்கும் கட்டினேன்.

இன்றைக்கு மிசினை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.
என் படலையில் நின்று
நானே மணியடித்தேன்.
இரண்டு தரம்.
“இந்த வீட்டில ஆக்கள் இல்லையோ?”
புது றைவர் கஜமுகன் எட்டிப் பார்த்தான்.

“இருக்கினம்,” என்றேன்,
“குட்செட் வீதியில.”