முடிவுத் திகதி

மிஸ்,
இரண்டு வருசமாய்
கொக்குவில் சந்தியில் உங்கள் ஸ்கூட்டியைக் கண்டால்
பக்கத்து மருந்துக் கடைக்குள் ஏறிவிடுவேன்.
எத்தனை பனடோல் கார்டு வாங்கியிருப்பேன்,
ஒரு நாளும் தலையிடியில்லை.

அது பெற்றோல் இல்லாத வருசம்.
கடதாசியும் இல்லை.
கோண்டாவில் பெற்றோல் செட்டில்
முந்நூற்றுப் பதினாறாவது ஆளாய் நின்றபடி
ஸ்கூட்டி சீற்றில் கொப்பியை விரித்து
எனக்கான கடிதத்தை எழுதத் தொடங்கினீர்கள்.
நான் குடை பிடித்தேன்.
வரிசை நகர்ந்தபோது
நான் ஸ்கூட்டியை உருட்ட
நீங்கள் எழுதிக்கொண்டே நடந்தீர்கள்.
"இண்டைக்கு விட்டால் ஏலாது பிள்ளை,
நாளைக்கு மண்ணெண்ணெய் லைன்."

பிறகு கொமினிகேஷன் கடை.
இரண்டே விரலால் ரைப் பண்ணினீர்கள்.
கரண்ட் போய், பாதிக் கடிதமும் போனது.
"பழைய லெட்டர் ஒண்டில பேரை மாத்தினால் சரிதானே மிஸ்"
என்றான் கடைப் பெடியன்.
நீங்கள் பார்த்த பார்வையில்
ஜெனரேட்டரைப் போட எழும்பிப் போனான்.
திரும்பவும் முதல் வரியிலிருந்து.

மூன்று பிரதி, மூன்று உறை.
ஒட்டிய மடிப்பின் மேலே கையெழுத்து,
அதற்கு மேலே ஊதா முத்திரை.
ஒன்று புனேக்குப் போனது,
ஒன்று கொழும்பில் ஓர் அலுவலகத்துக்கு.
மூன்றாவது
கைகாவலுக்கு என்று தந்தீர்கள்.

ஒக்டோபரில் ஓர் இரவு பதில் வந்தது.
'வருந்துகிறோம்' மூன்றாவது வரியிலேயே நின்றது,
அதற்குக் கீழே நான் வாசிக்கவில்லை.
அன்றுமுதல்
உங்கள் முகத்துக்கு நான் கடன்காரி.

போன கிழமை வீடு மாறினோம்.
பழைய கோவைக்குள் அந்த மூன்றாவது உறை.
முத்திரையைக் கிழிக்க
ஒரு மணித்தியாலம் யோசித்தேன்.
உள்ளே முக்கால் பக்க ஆங்கிலம்.
கெட்டிக்காரி என்று எங்கும் இல்லை.
கடும் உழைப்பாளி, தலைமைத்துவம்,
நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.
இரண்டாம் பந்தியில் இருந்தது இதுதான்:
ஆய்வுகூடத்தில் பியூரெட் உடைந்ததை
எவரும் கவனிக்காத ஒரு வெள்ளி பின்னேரம்
தானே வந்து
தான்தான் உடைத்ததாய்ச் சொன்னவர்.

மிஸ்,
அந்தப் பிள்ளையை எனக்கும் பிடித்திருந்தது.
அவளை எங்கே விட்டேன் என்றுதான்
தெரியவில்லை.

சீலை வாங்கு என்றாள் அக்கா.
கேக் என்றார் அம்மா.
நான் ஏ-ஃபோர் கடதாசிக் கட்டொன்று வாங்கினேன்,
ஐந்நூறு தாள்.
அதில் மூன்று உங்களுடையது,
மிச்சம் வட்டி.

தாவடியில் உங்கள் வீட்டு வாசலில்
ஸ்கூட்டிக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.
வணக்கம் சொல்ல முன்னமே வாய் சொல்லிவிட்டது:
"கிடைக்கேல்லை மிஸ்."

ஒன்றும் பேசாமல் உள்ளே போய்
ஒரு சீ.ஆர். கொப்பியோடு வந்தீர்கள்.
அடிமட்டத்தால் கோடு போட்ட நான்கு நிரல்,
பெயர், எங்கே, திகதி, முடிவு.
அனுஷியந்தன். மேரி றெஜினா. பாத்திமா சஸ்னா.
குகதர்சினி, இரண்டு தரம்.
பக்கம் பக்கமாய்ப் பெயர்கள்.
நாலாவது நிரலில்
அங்கொன்று இங்கொன்றாய்த்தான் எழுத்து,
மற்றதெல்லாம் வெள்ளை.
எல்லாருக்கும் கிடைத்திருக்கலாம்.
ஒருவருக்கும் கிடைக்காமலும் இருந்திருக்கலாம்.
யாழ்ப்பாணத்தில்
மருந்துக் கடைகள் நிறைய.

என் பெயருக்கு நேரே,
ஈரக் கை தாளில் பட்டு ஊற,
எழுதினீர்கள்:
வந்து சொன்னாள்.

பிறகு கடதாசிக் கட்டைத் தூக்கிப் பார்த்து
"எழுபதோ, எண்பது ஜிஎஸ்எம்மோ?"
"எண்பது மிஸ்."
"ம். காசு கூடவாயிருக்குமே."
பேனையை இன்னும் மூடவில்லை.
"சரி, அடுத்ததுக்கு
முடிவுத் திகதி எப்ப?"