அடைப்புக்குறிக்குள் எ

ராத்திரி ஒன்பதரைக்கு
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து வந்தார்கள்
அண்ணனும் தம்பியும்.
அண்ணன் கையில் ஆதார் அட்டை.
தம்பியின் போனில் ஒரு படம்:
யாரோ கல்யாணத்துப் பந்தியில்
சட்டென்று நிமிர்ந்த ஒரு முகம்.
இலையை வெட்டிவிட்டு
பின்னால் வானம் வைக்கச் சொன்னார்கள்.
இருபது போஸ்டர், ஒரு ஃப்ளெக்ஸ்.
காலை ஆறுக்கு மஞ்சள் மண்டி வாசலில் இருக்கவேண்டும்.

திரு. பொ. ராக்கியண்ணன் என்று அடித்தேன்.
"(எ) அரமூட்டைன்னு போடுங்க்கா" என்றான் தம்பி.
"அதெல்லாம் போடாதீங்க" என்றார் அண்ணன்.

ஈரோட்டில் பதினோரு வருஷமாய்
பேர் அடித்துத்தான் சோறு தின்கிறேன்.
காதுகுத்து, சீர், புதுக்கடை, சாவு.
கல்யாணப் பத்திரிகையில் வந்தால்
அந்த (எ)வுக்கு அப்புறம் வருவது பாட்டன் பேர்.
போலீஸ் நோட்டீசில் வந்தால் கதை வேறு.
ஒடக்கான் என்று ஒருத்தர்
கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார், வார்டு எலெக்சனுக்கு.
ஓட்டு அந்தப் பேருக்குத்தான் விழும் என்றார்.
விழுந்தது.

என் பேர் சாமியாத்தா.
வாட்சப்பில் சாம்யா.
கடைக்கு வருகிறவர்களுக்கு டைப்பு.
எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறேன்.

அண்ணன் சொன்னார்:
பதினாறு வயசில் முதல்நாள் மூட்டை தூக்கப் போனவர்
நடுவழியில் கீழே போட்டுவிட்டாராம்.
மண்டிக்காரர் பாதி மஞ்சளைக் கொட்டிவிட்டு
மீதியைத் தலையில் ஏற்றினாராம்.
ஒரே ஒரு நாள்.
மறுமாசமே முழு மூட்டை, அப்புறம் மேஸ்திரி.
பேர் மட்டும் கடைசிவரை நிறையவில்லை.
"எங்க ஸ்கூல் மீட்டிங்குக்கு வந்தாருங்க.
வாட்ச்மேன் அந்தப் பேர்ல கூப்பிட்டான்.
அப்பா சிரிச்சாரு.
அடுத்த மீட்டிங்கை நான் சொல்லவே இல்ல."

"ராக்கியண்ணன்னு மட்டும் போட்டா
ஒரு ஈ காக்கா வராதுண்ணா.
எவரோ செத்துட்டாங்காட்டன்னு
டீயக் குடிச்சுப்போட்டுப் போயிருவாங்க."

அம்மாவுக்குப் போன் போட்டார்கள், ஸ்பீக்கரில்.
அழுகைக்கு நடுவே
பந்தல்காரன் சேர் இழுக்கிற சத்தம்.
புருசன் பேரை வாயால் சொல்லாதவராம்.
ரேசன் கடையிலும்
அட்டையை நீட்டி விரலை வைப்பாராம்.

"எனக்கென்ன சாமி தெரியும்.
ஆஸ்பத்திரியில அந்த நர்சுப்புள்ள
சீட்டப் பாத்து மூணுவாட்டி கூப்பிட்டுச்சு.
கண்ணே தொறக்கல.
பொழுதோட மண்டிப் பசங்க வந்து
வாசப்படியிலிருந்தே 'அரமூட்டண்ணோவ்'ன்னாங்க.
சித்தெ கண்ணத் தொறந்து
'லோடு வந்துருச்சா'ன்னாரு.
அத்தோட பழமை இல்ல."

அவர் அதைச் சொன்னது
எனக்கு மட்டும்தான் உறைத்தது போல.
பட்டப்பேருக்கு அந்தச் சட்டம் கிடையாதா,
இல்லை
இன்றைக்குத்தான் மீறினாரா.

போனை யாரும் வைக்கவில்லை.
சேர் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"எழுத்து கொஞ்சம் சின்னதா."
முப்பத்தாறு வைத்தேன்.
"இன்னும்."
இருபத்தெட்டு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பழைய சைசே இருக்கட்டுங்க."

காலையில் டவுன்பஸ் மண்டி முன்னால் திணறி நின்றது.
மூட்டை தூக்குகிற ஒருவர்
சுவர் முன்னால் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.
மேல்வரியைத் தாண்டினார், சலனமில்லை.
அடுத்த வரியில்
தலைத்துண்டை அவிழ்த்தார்.

எட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது:
(எ அரமூட்டை.
அடைப்பை மூட மறந்திருக்கிறேன்,
இருபதிலும், ஃப்ளெக்ஸிலும்.

பாக்கி நானூற்றைம்பது வரவேண்டும்.
இன்னும் போய்க் கேட்கவில்லை.