குளிர்பெட்டிக்குள் சாவி

ரோதோப்பி மலையில், மார்ச் மாதக் கடைசியில்,
ஒரு சமையலறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கினேன்.

முதலில் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினேன்.
ஜன்னல்களுக்கு ஆட்டுரோமக் கம்பளி.
கோழிகள் காரின் பின்னிருக்கையில்.
மரம் அறுக்கும் பக்கத்து வீட்டு மோம்சிலுக்கு
இரண்டு பாட்டில் ராக்கியா,
மாலைவரை தாங்கும்.

பிறகு குளிர்பெட்டி.
என்னைவிட மூத்தது. மூலையில் நின்று
ம்ம்ம் என்று
எதற்கோ சம்மதித்துக்கொண்டே இருந்தது.
பிளக்கை உருவினேன்.
கார்ச்சாவியை அதற்குள்ளே
வெள்ளைச் சீஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
எங்கள் தொழிலின் பழைய தந்திரம்:
மறந்து கிளம்பினால் சாவி இருக்காது,
யார் வீட்டுப் பாலும் கெடாது.

ஸஃபீரா பாட வந்தாள், விரல்களில் மாவோடு.
முதல் எடுப்பு நன்றாகத் தொடங்கி
நடுவில் அரைச்சுருதி இறங்கியது.
இரண்டாவது இன்னும் கீழே.
ஐந்தாவதில் அவளே நிறுத்தி
இருட்டுப் படியில் கைப்பிடி தேடுகிறவள் போல
காற்றைத் துழாவினாள்.
"யாரோ எழுந்து போய்விட்டார்கள்" என்றாள்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.
கைடா ஊதும் அவள் கூட்டாளி
மூன்று வருடமாக ஸ்பெயினில்
ஸ்ட்ராபெரி பறிக்கிறான்.

நேரே மூலைக்குப் போனாள்.
என்னைக் கேட்கவில்லை.
பிளக் ஏறியதும் அது ஒருமுறை உதறி,
தொண்டையைச் செருமி,
விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது.

ஆறாவது எடுப்பு, நான்கு நிமிடம் பத்து விநாடி.
முள் ஒரு தடவை சிவப்பைத் தொட்டது.
நான் கை வைக்கவில்லை.

(பின்னால் சோஃபியாவில்
கலவை செய்த லூபென் கேட்டான்:
அடியில் ஓடுகிறதே, அந்தச் சுருதிப்பெட்டி யாருடையது,
அட்டையில் பெயர் போட வேண்டாமா?)

அன்று மாலை ஒயர்களைச் சுருட்டிக் கட்டியபின்
சாவியைக் காணோம்.
சட்டைப்பை, கம்பளி மடிப்பு, ஒலிவாங்கிப் பெட்டி,
மாவு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாயிற்று.
குளிர்பெட்டிதான் ஓடிக்கொண்டிருந்ததே,
அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.
காப்பிக்குப் பாலெடுக்கப் போன ஸஃபீரா
கதவைத் திறந்தபடியே சிரித்தாள்.

உள்ளங்கையைக் கடித்தது சாவி.
கோழிகளை இறக்கினேன்.
இருக்கையில் ஒரு முட்டை, இன்னும் சூடாக.
அதை வைத்துக்கொள் என்றாள்.

வண்டி உறுமியது,
அவள் சுருதிக்குக் கொஞ்சம் மேலே.
மலையிறங்கும் முதல் வளைவுவரை
கியரை
மாற்றி மாற்றிப் பார்த்தேன்.